தள்ளிக்கொண்டே இருத்தல்: செய்தி, நரம்பு, வதந்தி – சில வரலாற்றுக் குறிப்புகள்

2020 மே மாதத்தில் ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்குத் திருப்பூரிலிருந்து தோழர் ஒருவர் போன் செய்தார். பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துவந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு, ஊர் திரும்ப ரயில் பதிவு என்று அலைந்துகொண்டிருந்த சின்னக் குழு ஒன்றில் அவர் இருந்தார். அவருடைய எண்ணை யாரோ ஒரு துண்டுத் தாளில் இந்தியில் எழுதிப் படமெடுத்துப் பரப்பிவிட்டிருந்தார்கள். அழைப்பு ஓயவில்லை. அழைப்பு இல்லாத நேரத்திலும் கை போனை விடவில்லை. மே 8 அன்று மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். தோழர் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"தூக்கம் வரமாட்டேங்குது தோழர். டாக்டர்ட்ட போனேன். நியூஸ் பாக்காதீங்க, போனைத் தூக்கி வச்சிருங்கன்னு சொல்றாரு. நான் பாக்கலைன்னா அவங்க நடக்கிறது நின்னுருமா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மருத்துவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை; தோழர் கேட்டதிலும் தப்பு இல்லை. இரண்டும் சரியாக இருந்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கிறபோது அங்கே ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது என்று எனக்குப் படும். அதைத் தோண்டிப் பார்த்ததன் சில குறிப்புகள்தாம் இவை. நான் மனநல மருத்துவன் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டில் ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு சொல் புழக்கத்துக்கு வந்து அகராதிக்காரர்கள்வரை போயிற்று. 'டூம்ஸ்க்ரோலிங்'. கெட்ட செய்தியாகத் தேடித் தேடித் திரையை நகர்த்திக்கொண்டே இருப்பது. தமிழில் நம் ஆட்கள் இதற்குத் தனியாகச் சொல் எதுவும் செய்யவில்லை. தோழர் சொன்னது, "தள்ளிக்கிட்டே இருக்கேன்" என்பதுதான். கட்டைவிரலால் தள்ளுவது, பொழுதைத் தள்ளுவது, தள்ள முடியாத எதையோ தள்ளப் பார்ப்பது. இந்தச் சொல்லே எனக்குப் போதும்.

செய்தி மிகுந்துபோனால் மனசு கெடும் என்ற பேச்சு முகநூலோடு பிறந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் 'நியூராஸ்தீனியா' என்ற நோய்ப் பெயரைப் பிரபலப்படுத்தினார். நரம்புத் தளர்ச்சி என்று நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் வேறொரு காரியத்துக்குப் புழங்குகிறதே, அதன் மூதாதை. 1881இல் 'அமெரிக்க நரம்புத் தளர்ச்சி' என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் இந்த நோய்க்கு அவர் காட்டிய நவீனக் காரணங்கள் ஐந்து: நீராவி, பருவ இதழ்கள், தந்தி, அறிவியல்கள், பெண்களின் மூளை உழைப்பு. கடைசியில் உள்ளதை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். தந்தி பற்றி அவர் சொல்வது இன்றைக்கும் கேட்ட மாதிரியே இருக்கிறது. முன்பெல்லாம் வியாபாரி தூரதேசத்து விலை நிலவரத்தைக் கப்பல் வந்த பிறகு தெரிந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினான்; இப்போது உலகத்து விலை முழுவதும் மணிக்கு மணி அவன் மேசைக்கு வந்துவிடுகிறது, அவன் நரம்பு தாங்குமா என்பதே வாதம். எடிசனின் மின்விளக்குச் சுற்றை உவமையாக்கி, நரம்புக்கும் ஓர் அளவுதான் உண்டு, விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிச்சம் மங்கும் என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல உவமைதான். ஆனால் பியர்டின் நோயாளி யார் என்று பார்க்க வேண்டும். அவருடைய நோயாளி மூளையால் உழைக்கிறவன், நகரத்தான், வெள்ளையன், சொத்துக்காரன். இந்த நோய் வருவதே நாகரிகத்தில் உயர்ந்ததற்கு அத்தாட்சி என்று அவர் நம்பினார். தந்திக் கம்பத்தை நட்டவனுக்கும், அச்சுக்கூடத்தில் ராத்திரி முழுக்க எழுத்துக் கோத்தவனுக்கும் நரம்பு உண்டா என்பது அவர் கணக்கில் முக்கியமாக இல்லை. அவர்களுக்கு வந்தால் அது வெறும் களைப்பு. களைப்புக்கும் நோய்க்கும் நடுவே போட்ட கோடு ஒரு வர்க்கக் கோடாக இருந்திருக்கிறது.

சிகிச்சையும் அப்படித்தான். ஃபிலடெல்ஃபியா மருத்துவர் வியர் மிட்செல் நரம்பு தளர்ந்த பெண்களுக்கு 'ஓய்வுச் சிகிச்சை' என்று ஒன்றை விதித்தார். படுக்கையில் கிடக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும், படிப்பு எழுத்து எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். ஆண்களை மேற்குப் பகுதிக்குக் குதிரையேற அனுப்பினார். எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1887இல் அவரிடம் சிகிச்சைக்குப் போனார். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளையைப் பயன்படுத்தாதே, பேனாவைத் தொடவே தொடாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்கள் அப்படியே இருந்து பார்த்துப் பைத்தியத்தின் விளிம்புவரை போனதாகப் பிற்பாடு எழுதினார். 1892இல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை அங்கிருந்து வந்தது. செய்தியைத் துண்டித்துக்கொள், உலகத்தைத் துண்டித்துக்கொள் என்கிற மருந்துச் சீட்டுக்கு இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது. இப்போது மலைப்பிரதேச விடுதிகளில் போனை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாளைக்குக் கட்டணம் வாங்குகிறார்களே, அது இந்த வம்சத்தின் கடைசிப் பேரன்.

மலைப்பிரதேசம் என்றதும் நம் பக்கம் வந்துவிடலாம். இந்நோய் கப்பலேறிக் காலனிகளுக்கும் வந்தது. வெப்ப மண்டல நியூராஸ்தீனியா என்று பேர். இந்தியா, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்கா என்று போன வெள்ளை அதிகாரிகளுக்கு வெயிலாலும் தனிமையாலும் நரம்பு கெடுவதாக மருத்துவ நூல்கள் எழுதப்பட்டன. ஊருக்கு விடுப்பில் போக, மலைக்கு ஏற, அது ஒரு முகாந்திரம். மதறாஸ் அரசாங்கமே கோடையில் உதகமண்டலத்துக்குப் பெயர்ந்தது. சுதேசிக்கு இந்த நோய் வராது. அவனுடைய நரம்புக்கு அவ்வளவு நயம் கிடையாது என்பது அனுமானம்.

அப்படியானால் சுதேசி, செய்தி கேட்டுக் கலங்கினால் அதற்கு என்ன பெயர்? வதந்தி. பீதி. ராஜதுரோகம். வெள்ளையனுக்கு மிகுசெய்தி மருத்துவ விஷயமாகவும் கருப்பனுக்கு அது போலீஸ் விஷயமாகவும் பிரிக்கப்பட்டதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. 1857இன் தொடக்கத்தில் வட இந்தியக் கிராமங்களில் கைமாறிக்கைமாறிப் போன சப்பாத்திகளைப் பார்த்து அதிகாரிகள் மிரண்டார்கள். தந்தியே வேண்டாம், சப்பாத்தி போதும் என்றால் மிரளமாட்டானா? ரணஜித் குகா 1983இல் வெளிவந்த தம் நூலில் வதந்தியை, எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் கலக ஊடகமாகப் படித்துக் காட்டினார். வதந்திக்கு ஆசிரியர் இல்லை. கேட்டவன் எல்லாம் ஆசிரியன். 1878இல் லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், ஆங்கிலப் பத்திரிகைகளை விட்டுவிட்டுத் தாய்மொழிப் பத்திரிகைகளை மட்டும் கட்டிப்போட்டது. பம்பாயில் பிளேக் வந்த பிறகு 1897இல் வந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சிலும் தூசி தட்டி எடுத்தார்கள். அதே பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத் தலைவர், நாம் நோய்ப்பரவலோடு மட்டுமின்றித் தகவல்பரவலோடும் போரிடுகிறோம் என்ற பொருளில் பேசியிருந்தார். மருத்துவச் சொல்லும் போலீஸ் சொல்லும் மீண்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தத் தொடங்கின.

பீதியில் கெட்டிக்காரர்கள் குடிமக்கள் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. சனம் ஊரைவிட்டு ஓடியது. பிறகு அதே சனம் அந்தப் பயத்தை ஒரு வசைச் சொல்லாக, கிட்டத்தட்டச் செல்லப் பேராக மாற்றிக்கொண்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். பயத்தை என்ன செய்வது என்பதற்கு மருத்துவ நூலில் இல்லாத ஒரு வழி. 1942 ஏப்ரல் கதை வேறு. 5ஆம் தேதி கொழும்பிலும் 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த சில நாளில், ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருவதாக நம்பி, வேலையில்லாதவர்கள் நகரைவிட்டு வெளியேறலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. உயிர்க்காட்சிச் சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். படை வந்து இறங்கவே இல்லை. குடியானவன் நம்பினால் வதந்தி, கவர்னர் நம்பினால் உளவுத் தகவல். அந்தச் சிங்கங்கள்தான் பாவம்.

ஊடகப் பீதி பற்றிய ஊடகப் பீதியும் ஒன்று உண்டு. 1938 அக்டோபரில் அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் போட்ட செவ்வாய்கிரகப் படையெடுப்பு நாடகத்தைக் கேட்டு லட்சக்கணக்கானோர் தெருவுக்கு ஓடியதாக வெகுகாலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. அவ்வளவெல்லாம் நடக்கவில்லை, விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த செய்தித்தாள்கள் ஊதிப் பெரிதாக்கியது அது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே 'இந்தப் புதுச் சாதனம் மக்களைப் பைத்தியமாக்குகிறது' என்று யாராவது கத்தினால், கத்துகிறவர் எந்தக் கடையின் முதலாளி என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2019இல் ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ ப்ஷிபில்ஸ்கி என்ற இருவர் இளவயதினர் பற்றிய பெரும் தரவுகளை அலசி, திரைப் பயன்பாட்டுக்கும் மனநலக் குறைவுக்குமான தொடர்பு மிகச் சிறியது, நலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகம் போனால் 0.4 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறக்குறைய அந்த அளவுதானாம்!

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத கணக்கும் இருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அமெரிக்கர் 4,675 பேரிடம் எடுத்த ஆய்வு அடுத்த ஆண்டு வெளியானது. குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த வாரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்களிடம் கடும் மனஅழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. அதே குழுவினர் 2019இல் வெளியிட்ட தொடர் ஆய்வு இன்னும் ஒருபடி போகிறது. ஒரு கொடுமையைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள், அடுத்த கொடுமை வரும்போது அது குறித்து அதிகம் கவலைப்படுகிறார்கள், அதிகம் பார்க்கிறார்கள், அதனால் அதிகம் நோகிறார்கள். தோழரின் பின்னிரவுகள் இந்தச் சுழலுக்குள்தான் இருந்தன என்று நினைக்கிறேன். குஜராத், முள்ளிவாய்க்கால், ஊரடங்கு என்று அவர் பார்த்துவந்த பட்டியல் ஒன்று உண்டு. ஒன்றின் கண்ணால்தான் அடுத்ததைப் பார்த்தார்.

முள்ளிவாய்க்கால் என்று எழுதியாகிவிட்டது. அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது.

2009 ஜனவரியிலிருந்து மே வரைக்குமான மாதங்களில் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் கிடந்தேன். வீட்டில் இணையம் இல்லை. கையில் இருந்த போன் பேசுவதற்கு மட்டும். விசைப்பலகையில் எஃப் 5 என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்படும். அதை அழுத்திக்கொண்டே இருப்பேன். கட்டைவிரலுக்கு அப்போது வேலை வரவில்லை. போர்ப் பகுதிக்குள் சுதந்திரமான பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே வன்னியைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இங்கே தொலைக்காட்சிகள் பெரும்பாலும் கட்சிக்கொன்றாக இருந்தன. மே 13இல் தேர்தல். ஏப்ரல் 27 காலையில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்த உண்ணாவிரதத்தையும், போர் ஓய்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டதையும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு மூன்று வாரம் குண்டு விழுந்தது. ஆக, பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சில தளங்களைத்தான் பார்க்க வேண்டும். அங்கே வந்ததெல்லாம் படங்கள்.

எனக்காவது அது அரசியல். ஐரோப்பாவில் இருந்த ஒரு ஈழத்து நண்பருக்கு அந்தப் படங்களில் வேறு வேலை இருந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, கிடக்கிறவர்களின் முகங்களில் தன் அக்காவைத் தேடினார். "எங்கட ஆக்கள் இல்லை எண்டால் ஒரு நிமிசம் ஆறுதல். பிறகு அந்த ஆறுதல நினைச்சு வெக்கம். பிறகு அடுத்த படம்" என்று தொலைபேசியில் சொன்னார். இந்தப் பார்த்தலை எந்தத் தராசில் நிறுத்து 'அளவுக்கு மிஞ்சியது' என்று சொல்வது? இது உறவின் கடமை. பிணத்தை அடையாளம் காட்டப் போகிறவனிடம் குறைவாகப் பார் என்று யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனவடுவைத் தனித்தனி மண்டைக்குள் இருக்கும் நோயாக மட்டும் பார்க்கும் மேலைநாட்டு வகைப்பாடு எங்களுக்குப் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று தொடர்ந்து எழுதிவந்தவர். நண்பரின் அக்கா பிழைத்துக்கொண்டார். மெனிக் பாம் முகாமில் இருந்து செய்தி வர இரண்டு மாதம் ஆனது. நண்பருக்கு அதற்குப் பிறகுதான் உடம்புக்கு முடியாமல் போயிற்று.

அந்த 2009 பிப்ரவரியில்தான் முகநூலில் 'விருப்பம்' பொத்தான் அறிமுகமானது. இது தற்செயல்தான், ஆனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தின் அடி என்பதே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற முடிவிலாத் திரையை அஸா ராஸ்கின் என்பவர் 2006இல் வடிவமைத்தார்; பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். கண்டுபிடித்தவர்கள் வருத்தப்படுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. என் எஃப் 5 பொத்தானை நான் அழுத்தினால்தான் அடுத்தது வரும். பிரவுசிங் சென்டரை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். தோழரின் திரைக்குப் பூட்டு கிடையாது.

1977இல் டாலஸ் ஸ்மைத் என்ற கனடிய மார்க்சியர் எழுதிய ஒரு கட்டுரை அப்போது பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. வணிக ஊடகம் விற்கும் சரக்கு நிகழ்ச்சியல்ல, பார்வையாளர்களே. அவர்களின் கவனம் விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது என்றார். தொலைக்காட்சிக் காலத்தில் இதைக் கொஞ்சம் மிகை என்று நான் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை. 2012 ஜனவரியில் ஒரு வாரம் முகநூல் நிறுவனம் 6,89,003 பேருக்குத் தெரியாமலே அவர்களுக்கு வரும் பதிவுகளில் இன்ப, துன்பச் சொற்களைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் எழுதுவதில் மாற்றம் வருகிறதா என்று சோதித்தது. 2014இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். மாற்றம் மிகச் சிறியதுதான். சோதிக்கலாம் என்று தோன்றியதுதான் செய்தி. 2017இலிருந்து, கோபமுகம் உட்பட உணர்ச்சிக் குறிகளுக்கு வெறும் விருப்பத்தைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தினார்கள் என்பது 2021இல் உள்ளாவணங்கள் கசிந்தபோது வெளிவந்தது. பியர்டின் தந்தி வியாபாரியின் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. இது பிடித்துப் பார்க்கிறது. விரல் எந்தப் படத்தில் தயங்கியது என்று குறித்துக்கொண்டு அதைப் போலவே அடுத்ததைக் கொண்டுவந்து வைக்கிறது. தண்டவாளத்து ரொட்டியில் தோழர் தயங்கிய கணத்திலிருந்து யாரோ சம்பாதித்தார்கள்.

இங்கே ஃபனானுக்குப் போக வேண்டும். அவர் புரட்சியாளர் என்பதை நினைவில் வைத்திருக்கிற நாம் அவர் மனநல மருத்துவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1959இல் அல்ஜீரியப் புரட்சி பற்றி வெளியிட்ட நூலில் வானொலி குறித்து ஓர் அத்தியாயம். அதுவரை அல்ஜீரியர்கள் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்வதை அவ்வளவாக விரும்பியதில்லை; அது பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரனோடு பேசும் பெட்டி. 1956 இறுதியில் சுதந்திர அல்ஜீரியாவின் குரல் ஒலிபரப்பாகப்போகிறது என்று துண்டுப் பிரசுரங்கள் வந்ததும் மூன்று வாரத்துக்குள் கடைகளில் ரேடியோ தீர்ந்துபோயிற்று என்கிறார். பிரெஞ்சு அரசு பேட்டரி ரேடியோ விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. அலைவரிசையை இரைச்சலால் மூடியது. ஆட்கள் ஒரு பெட்டியைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் மட்டும் பெட்டியில் காதை ஒட்டவைத்து முள்ளைத் திருகிக்கொண்டிருப்பார். இரைச்சல். ஒரு சொல். இரைச்சல். மற்றவர்கள் கேட்பார்கள்: இன்ன ஊர்ச் சண்டை பற்றிச் சொன்னார்களா? அவர் ஆமாம் என்று தலையாட்டுவார். பாதி கேட்டது, பாதி அவர்களே கட்டியது. ராத்திரி முழுக்க அப்படி ஒரு போர்ச் செய்தி கூட்டாக உருவாகும்.

இதைவிட முக்கியமானது அவர் தம் நோயாளிகளிடம் கண்டது. முன்பு மனப்பிறழ்வில் கேட்ட ரேடியோக் குரல்கள் பகைக் குரல்கள், திட்டுபவை, விரட்டுபவை. 1956க்குப் பிறகு அதே பிறழ்வில் கேட்ட குரல் காப்பாற்றுகிற, கூடவே வருகிற குரலாக மாறியது. பைத்தியத்துக்கும் வரலாறு உண்டு என்று பூக்கோ சொல்வதற்கு முன்பே, நோயாளியின் காதுக்குள் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தவர் ஃபனான்.

ஃபனானை அப்படியே விழுங்கிக்கொள்ளவும் நான் தயாராக இல்லை. கூட்டாகக் கட்டுவது எப்போதும் விடுதலைச் செய்தியாக இருக்கும் என்று யார் சொன்னது? 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன 65 வயதுப் பெண்ணைக் குழந்தை கடத்துகிறவள் என்று அடித்துக் கொன்றார்கள். வாட்ஸப்பில் வந்ததை ஊர் கூடி நம்பியது. அந்த ஆண்டு நாடெங்கும் இப்படிச் சாவுகள் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே தட்டில் அனுப்ப முடியாதபடி ஜூலையில் அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. குகாவின் வதந்தி ஆசிரியன் இல்லாதது என்றேன். இந்த வதந்திக்கும் ஆசிரியன் இல்லை. அதில் கலகமும் இல்லை. வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பது மட்டும் இருந்தது.

ஆனாலும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த காட்சி என்னை விடுவதாயில்லை. 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை. பேட்டரி தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். பி.பி.சி. தமிழோசை ராத்திரியில் அரை மணி நேரம். (அந்த வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது.) சைக்கிள் சுற்றிய ஒருவரை நான் பிற்பாடு சந்தித்திருக்கிறேன். கை ஓய்ந்தால் குரல் இழுத்துக்கொண்டு போகுமாம். "டேய் சுத்தடா" என்று பெரியவர்கள் அதட்டுவார்களாம். அரை மணி முடிந்ததும் ரேடியோ நிற்கும், பேச்சுத் தொடங்கும். செய்தி பொய், ஆனந்தியக்கா சொன்னால் சரியாயிருக்கும், இல்லை அவர்களுக்கும் யாரோ சொன்னதுதானே என்று ஒழுங்கைவரை சண்டை. நம் பக்கத்துத் திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் டீக்கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டதும் இந்த வகைதான். அவர்கள் கேட்ட செய்தி நம்முடையதைவிடக் கொடியது. அவர்கள் தலைக்கு மேலேயே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு மனக்காயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. தயா சோமசுந்தரம் எழுதியதெல்லாம் அவர்களைப் பற்றித்தான். ஆனால் கேட்டது அவர்களைத் தனியாக விட்டுவிடவில்லை.

இயக்கத்துக்காரர்களான நாம் இதில் செய்த அநியாயம் ஒன்று உண்டு, அதையும் பேசிவிட வேண்டும். மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் குட்டிமுதலாளித்துவ ஊசலாட்டம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அழுத்தம் தாங்காமல் ஒதுங்கிப்போனவர்களை ஓடிப்போனவர்கள் என்று எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பியர்ட் தொழிலாளியின் நோயைக் களைப்பு என்றார். நாம் தோழரின் நோயைத் துரோகம் என்றோம். இரண்டு பேருமே அவனைப் பரிசோதிக்கவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014இல் திரைப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவே தொடங்கினார்கள். அங்கே போகிற நிலை நம்மில் ஒருவருக்கு வந்தால் அதை மறைக்காமல் சொல்லும் இடம் நம் கூட்டங்களில் எங்கே இருந்தது?

அந்தப் பின்னிரவு அழைப்புக்கு மறுநாள் குழுவில் பேசினார்கள். அந்த எண் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. காலை ஒருவர், மாலை ஒருவர், ராத்திரி பத்து முதல் ஆறுவரை அழைப்புகள் என் எண்ணுக்கு மாற்றிவிடப்பட்டன. இந்தி எதிர்ப்பு மரபில் வளர்ந்தவனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். 'காடி கப் ஆயேகி' என்ற ஒரே கேள்வியை ஒரு பையன் ஒவ்வொரு மணி நேரமும் கேட்டான். வண்டி எப்போது வரும் என்று எனக்கும் தெரியாது. நோட்டில் பெயர், ஊர், எத்தனை பேர் என்று எழுதிவைத்துக் காலையில் படித்துக் காட்டினேன். மூன்றாவது ராத்திரி, அழைப்புகளுக்கு நடுவே நானும் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். தோழர் நான்கு நாள் கழித்துத் தம் முறைக்குத் திரும்பினார். மாத்திரையும் சாப்பிட்டார்.

2023 அக்டோபரில் காஸாவில் குண்டு விழத் தொடங்கியபோது ஒரு சாயங்காலம் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"தள்ளிக்கிட்டிருக்கேன் தோழர்."

தனியாகவா என்று கேட்டேன்.

"இல்ல, கடையிலதான். நாலு பேரு இருக்கோம். சவுண்டோட பாக்க முடியல, அமத்தி வச்சுப் பாத்துக்கிட்டிருக்கோம்."